யானைக் கூப்பாடு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பஸ் வந்துரும். மேல மலையடிப்பாளையம் வரைக்கும் போயித் திரும்பி இந்த வழியாத்தான் இறங்கோணும், வேற ரோடு கிடையாது. அட அட, அந்தக் கல்லு மேல வேண்டாங்க! அது கருப்பராயன். சாமிங்க. பொட்டெல்லாம் அழிஞ்சு கிடக்குது, அதான் உங்களுக்குத் தெரியல. இந்தப் புளியமர வேர்ல உக்காருங்க. காத்தும் வரும்.

அந்தியூர்ப் பக்கமிருந்து ஒருத்தர் எங்க வனக் குழுவைப் பாக்கோணும்னு பஸ் ஏறி வந்திருக்காருன்னா எனக்கு எத்தனை சந்தோசம்ங்கறீங்க! காலைல இருந்து எல்லாத்தையும் காட்டிட்டேன். நர்சரி பாத்தீங்க, தடுப்பணை பாத்தீங்க, போன வருசம் நாங்க வாங்குன கேடயத்தைக் கையில வச்சுப் போட்டோ கூட எடுத்துக்கிட்டீங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்ணுல காட்ட முடியாதுங்க. அதைக் காதுலதான் கேக்கோணும். சித்தெ பேசாம இருங்க. என்ன கேக்குது? ஒண்ணும் கேக்கலையல்ல? அதான். அதான் குழுத் தலைவரு இந்தச் சென்னியப்பன் செஞ்ச வேலை.

முன்னயெல்லாம் இந்த நேரத்துக்கு இந்தக் காடு சந்தைக்கடையாட்ட இருக்கும். அங்கொருத்தி சுள்ளி ஒடிப்பா, இங்கொருத்தி பாடுவா, ஒருத்தி மாமியாளைத் திட்டுவா, அதைக் கேட்டு இன்னொருத்தி எட்டூருக்குக் கேக்கறாப்பல சிரிப்பா. இப்பப் பாருங்க. ஒரு பொம்பளை சத்தம் உண்டா? கொரங்கு மட்டும்தான் கத்துது. அது கெடக்குது கழுதை, மத்தியானத்துல இருந்து கத்தறதே சோலியாப் போச்சு இன்னைக்கு.

கமிட்டியை எப்படி நடத்தறீங்கன்னு கேட்டீங்களே, சொல்றேன். உங்கூர்லயும் ஆரம்பிக்கறீங்க, தெரிஞ்சுக்கோணுமல்ல. காட்டை அரசாங்கம் மட்டும் நின்னு காப்பாத்த முடியாது, ஊரும் சேந்து கையைக் குடுக்கோணும்னுதான் இந்தக் குழுவே போட்டது. வீட்டுக்கு ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை மெம்பரு. எல்லாரும் கூடித்தான் முடிவெடுக்கோணும், அதுதான் சட்டம். அதுல நான் ஒரு சொட்டுக் கூடப் பிசகலீங்க. கூட்டம் போடுவேன். முடிவை நான் சொல்லிருவேன், எல்லாரும் கூடி உக்காந்து கேட்டுக்குவாங்க. முதல்ல எல்லாம் நாயம் பேசுனாங்க, அது ஏன் இது ஏன்னு. அப்புறம் பேச்சை நிறுத்திட்டாங்க. இப்ப கூட்டத்துக்கே யாரும் வரதில்ல. ஒரு வகைல நல்லதுதானுங்க, டீ ஆறதுக்குள்ள கூட்டம் முடிஞ்சு போகுது.

எங்க வனவர் இருக்காரே, தங்கமான மனுசன், ஆனா எளகுன மனசு. "சென்னியப்பா, வாரத்துல ஒரு நாள் காஞ்ச சுள்ளி பொறுக்கிக்கட்டும்பா. கூட்டமாப் போயிக் கூட்டமா வரட்டும். அதுக்கு ரூல்ஸ்லயே எடம் இருக்குது"ன்னாரு. நான் ஒத்துக்கலீங்க. எடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்கற சாதி நம்ம சனம். இன்னைக்குச் சுள்ளிம்பா, நாளைக்குக் கொப்பும்பா, நாளன்னிக்கு மரத்தையே சாய்ச்சுப் போட்டுத் தூணுக்கு ஆச்சும்பா. ஒரு குச்சி கூட எடுக்கப்படாதுன்னுட்டேன். ஆடு மாடும் உள்ள ஏறப்படாது. வனவரே அசந்து போயிட்டாரு. "டிப்பார்ட்மெண்ட்ல இருக்கறவனை விட நீ மோசமா இருக்கறயே"ன்னு சிரிச்சாரு. பாராட்டுத்தானுங்க அது.

விறகில்லாம எப்படிச் சமைக்கறதும்பாளுக. ஏன், எல்லாத்துக்கும் கேஸ் வாங்கிக் குடுத்தாச்சல்ல! தீந்தா மாத்த வழியில்லைங்கறாளுக. நொண்டிச் சாக்கு. எங்கூட்டைப் பாருங்க. போன ஆடி நோம்பிக்கு மாட்டுன சிலிண்டரு. மாசி பொறந்துருச்சு. இன்னும் தீரலீங்க! எங்கூட்டுக்காரி மயிலாத்தா அப்படி ஒரு சிக்கனக்காரி. கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொன்னேன், "எம் பொண்டாட்டியைப் பாத்துக் கத்துக்கங்கடி"ன்னு. ஒருத்தி மூஞ்சியிலயும் ஈயாடல. ரெண்டு மூணு பேரு முந்தானையை வாயில வச்சுக்கிட்டாளுக. மயிலாத்தா தலையே நிமித்தலீங்க. அவளுக்குக் கூச்சம், நாலு பேரு முன்னால புகழ்ந்தா.

இத்தனைக்கும் எனக்குக் கேஸ்ல வச்ச சோறு ஒத்துக்காதுங்க. வயிறு உப்பிக்கும். அடுப்புல வச்ச அரிசிம்பருப்புச் சோறா இருக்கோணும். பொழுதோட நான் வீட்டுக்குப் போறப்ப அண்டாவுல சுடுதண்ணி கொதிக்கோணும். இந்த முட்டி வலிக்குச் சுடுதண்ணி ஊத்தாட்டி எனக்கு அன்னிக்குத் தூக்கமில்ல. அவ ஒரு நாளாச்சும் அண்டாவைச் சூடில்லாம வச்சதில்லீங்க. என்ன? எதை எரிக்கறாளா? தென்னை மட்டைதான். எத்தனை மரமா? வாசல்ல ரெண்டு நிக்குது. ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஒரு தென்னைல ஓலை, மட்டை, பாளை, பன்னாடைன்னு எத்தனை விழும்! அதெல்லாம் பொம்பளை சோலி, நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. நேத்துக் கூட முழங்கை வரைக்கும் ஒரே கீறலு. என்னடி இதுன்னேன். முருங்கைக் கொப்பு ஒடிஞ்சு விழுந்துச்சுன்னா. முருங்கைல எங்கடி முள்ளுன்னு கேட்டேன், அதுக்குள்ள சோத்தைப் போட்டுட்டா, மறந்து போச்சு.

பாவமுங்க அவ. பட்ட பாட்டுக்கெல்லாம் ஒரு நாளு மூஞ்சியைச் சுளிச்சதில்ல. காலைல செருப்பு வாரு அந்து போச்சுன்னா. நாத்து மூட்டை கட்டி வந்த செவப்பு நைலான் கயிறு கெடந்துச்சு, அதுல நானே இழுத்துக் கட்டிக் குடுத்தேன். "அடேங்கப்பா, கல்யாணமாகி இன்னிக்குத்தான் எனக்குன்னு ஒரு வேலை செஞ்சிருக்கறீங்க"ன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கண்ணுலயே நிக்குது போங்க. மத்தியானத்துக்கு மேல அவ தங்கச்சி தோட்டத்துக்குத் தக்காளி பொறுக்கப் போயிருவா. தினமும் போறாளே, ஒரு தக்காளியாச்சும் வீட்டுக்குக் கொண்டாந்தாளான்னா இல்ல. வாங்கத் தெரியாத சென்மம்.

பஸ்ஸா? வருமுங்க. நாலரைம்பான், அஞ்சும்பான். நம்ம டிரைவர் மேல டீக்கடைல உக்காந்தா எந்திரிக்க மாட்டான். இன்னைக்குக் கொஞ்சம் எச்சாவே லேட்டுத்தான். 

இந்தக் கருப்பராயன் கல்லுக்கு ஒரு வழக்கமுண்டுங்க. இதுக்கு அக்கட்ட, காட்டுப் பக்கமெல்லாம் சாமி எல்லை. செருப்போட யாரும் போகப்படாது. பொம்பளைங்க எல்லாம் இங்க வரிசையாக் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போவாங்க. திரும்பி வந்தா அவங்கவங்க செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கோணும். ஒரு சோடி மிச்சமிருந்தாலும் ஒருத்தரும் ஊட்டுக்குப் போகப்படாது. மிச்சமிருந்தா ஒரு ஆளு உள்ள இருக்குதுன்னு அர்த்தமல்ல? அந்த ஆளு வர வரைக்கும் நின்னு, வராட்டித் தேடிப் போகோணும். இருட்டுனாலும் அப்படித்தான். எத்தனை பேரை அப்படித் தேடிக் கூட்டியாந்திருக்காங்கன்னு எங்கப்பன் கதை கதையாச் சொல்லுவாரு.

எனக்கென்ன தோணுச்சு? அட, இதை விடச் சுலபமா ஆளைப் புடிக்க முடியுமான்னு தோணுச்சு! தடை போட்டதுக்கப்புறமும் திருட்டுத்தனமாப் போறாளுகல்ல? வந்து பாத்தேன். வரிசையாச் செருப்பு. அள்ளிக் கோணில போட்டுக் கொண்டு போயி கமிட்டிக் கொட்டகைல தொங்க விட்டுட்டேன். யாருதோ அவ வந்து கேக்கட்டும். எப்படி என் ரோசனை? ஒருத்தி வரலீங்க. வெறுங்காலோட நடந்தாளுக. அப்புறம் உசாராயிட்டாளுக. இப்பக் கல்லுக்கிட்டக் கழட்டறதில்ல. எங்கெங்கயோ புதருக்குள்ள ஒளிச்சு வைக்கறாளுக. எவ உள்ள இருக்கறா, எவ வெளிய வந்துட்டான்னு அவளுகளுக்கே தெரியாது இப்ப.

ஏதோ வாசமடிக்குதுங்களா? சாணி வாசமா? ஆமாங்க, லேசா அடிக்குது. மாடுதான் உள்ள ஏறப்படாதுன்னு நிறுத்திட்டமே, எங்கிருந்து வரும்? பழசா இருக்கும். 

யானையா! நல்லாக் கேட்டீங்க போங்க. பயப்படாதீங்க தம்பி, நானிருக்கேன். யானையெல்லாம் இங்க இறங்கறதில்ல. காலைல அகழி காட்டுனனே, ரெண்டு ஆளு ஆழம், அதைத் தாண்டி எங்க வரும்? ஆமா, அந்த மேக்காலப் பக்கட்டு மூடிக் கெடக்குது, பாத்தீங்களா, உங்க கண்ணு கண்ணுதான். போன வருசம் பரிசு குடுக்கறதுக்கு முன்னால பெரிய ஆபீசருங்க ஜீப்புல வந்து பாத்தாங்க. நடக்க முடியாதுன்னுட்டாங்க. அதுக்காக மண்ணைத் தள்ளிப் பாதை போட்டேன். திரும்ப வெட்டோணும். இந்த வருசம் ஆபீசருங்க வந்துட்டுப் போகட்டும், ஒட்டுக்கா வெட்டிக்கலாம்.

யானைன்னதும் நெனப்பு வருது. அதைச் சொல்லாம விட்டா நீங்க வந்ததே வீணுங்க. என் கெட்டிக்காரத்தனத்துலயே அதுதான் பெருசு.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. அது கோயில் யானைக்குங்க. காட்டு யானைக்கு யாரு மணி கட்டுனா? அதனால எங்கூர்ல ஒரு கூப்பாடு உண்டு. யானையைக் கண்டவன் எவனா இருந்தாலும், எதிராளியா இருந்தாலும், உடனே கூவோணும். நீட்டி ஒண்ணு, மூச்சு விட்டு, மறுக்கா நீட்டி ஒண்ணு, கடைசில ஓய்னு ஒடிக்கோணும். கேட்டவங்க அதையே திருப்பிக் கூவோணும். அப்படியே ஆளு மாத்தி ஆளு கூவிக் கூவி மலையடில இருந்து தோட்டங்காடு வரைக்கும் வந்துரும். கேட்டதும் உள்ள இருக்கறவங்க விறகுக் கட்டைப் போட்டுட்டு இந்தக் கல்லுக்கு ஓடி வந்துரோணும். பொறந்த கொழந்தைக்குக் கூட அந்தச் சத்தம் தெரியும் எங்கூர்ல. வெளையாட்டுக்குக் கூவுனா செவுள் பிஞ்சுரும். எங்கப்பன் என்னைய அடிச்ச ஒரே அடி அதுக்குத்தான்.

இப்பக் கேளுங்க. திருட்டு விறகுக்குப் போறவளுகளை உள்ள போயித் தேடிப் புடிக்க நமக்கு முட்டி ஒத்துழைக்குமா? நான் என்ன பண்ணுனேன், இதோ இந்தப் புளியமரத்துக்குப் பின்னால நின்னு, கமிட்டி ஆளுக ரெண்டு பேரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒரு கூப்பாடு போட்டேன்! 

தம்பி, நீங்க பாத்திருக்கோணும்! உள்ளுக்குள்ள இருந்து எத்தனை குரலு பதிலுக்குக் கூவுச்சுங்கறீங்க! இருக்கறவ எல்லாம் தானாக் காட்டிக் குடுத்துட்டாளுக. அப்புறம் விழுந்தடிச்சு ஓடி வந்தாளுக பாருங்க, தலைமுடி அவுந்து, சீலை முள்ளுல கிழிஞ்சு. ஒருத்தி கொழந்தை பேரைச் சொல்லிக்கிட்டே ஓடி வரா, கொழந்தை என்னமோ வீட்டுல இருக்குது! வந்து பாத்தா நான் நிக்கறேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு எனக்கு. கமிட்டி ஆளுக சிரிக்கலீங்க. அன்னைலிருந்து அவங்களும் வரதில்ல.

மறுக்கா போட்டேன். அதுலயும் கொஞ்சம் பேரு மாட்டுனாளுக. மூணாம் தடவை ரங்காத்தான்னு ஒருத்தி, பெருத்த ஒடம்பு, ஓடி வரப்ப ஓடைல விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. அவளாச்சும் அழுவான்னு பாத்தேன். அழுகலீங்க. ஒடிஞ்ச கையைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு என்னையவே பாத்தா. "சென்னியண்ணா, இனி நீ நெசமாவே கூவுனாலும் எவளும் வர மாட்டா. சாமியே எதுக்க நின்னாலும் ஒளிஞ்சுக்குவமே தவிர வர மாட்டோம்"னா. போடி போடி, உன்ற வாய்க்கொழுப்புக்கு உனக்கு ரெண்டு பங்கு அபராதம்னேன். 

அதுக்கப்புறம் ஒரு தீர்மானம் போட்டுட்டேன். கமிட்டியைத் தவிர எவரும் கூவப்படாது. கண்டவங்க கண்டபடி கூவுனா நம்ம கூப்பாட்டுக்கு மதிப்பில்லாம போயிருமல்ல? மீறுனா அபராதம். இப்பக் கூப்பாடு என்னோட சொந்தச் சரக்காட்ட ஆகிப்போச்சு. எப்பவாச்சும் போட்டுப் பாப்பேன். ஒரு பதிலு வராது. ஒரு ஆளு ஓடி வராது. காடு சுத்தமா இருக்குதுன்னு அர்த்தம். எனக்கு மனசு நெறைஞ்சு போகும்.

இதுக்கு ஊரு எனக்கு மாலை போட வேண்டாமுங்களா? என்னைய ஒருத்தன் நிமுந்து பாக்கறதில்ல. கோயில் நோம்பிக்குக் கூட நான் போயி நின்னா பேச்சு நின்னு போகுது. டீக்கடைல எந்திரிச்சுப் போறாங்க. எனக்கென்ன இந்தக் காட்டுல இருந்து ஒரு துரும்பு வருதா? ஊருக்குத்தானே செய்யறேன்! மயிலாத்தாகிட்டச் சொல்லி ஆத்தாமைப்பட்டேன் ஒரு நாள். அவ, "வாரத்துல ஒரு நாளு விட்டுருங்களே"ன்னா. "உனக்கென்னடி வந்துச்சு, உனக்குத்தான் சிலிண்டரே தீரலையே"ன்னேன். அண்டாவுக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டா.

சித்தெ இருங்க, வண்டிச் சத்தம் கேக்குது. பஸ் இல்ல, மொபெட்டு. நம்ம வேலுக்குட்டி. சொசைட்டிக்குப் பால் கொண்டு போறவன். 

ஏப்பா வேலுக்குட்டி, நில்லு! பஸ்ஸு எங்கப்பா? என்னது? எங்க நிக்குது? வண்டியை ஆப் பண்ணிட்டுச் சொல்லுப்பா. கொம்பனா? குட்டியோடவா? எத்தனை நேரமாச்சு? எந்த வழியா... நீ பாத்தயா? உன்ற கண்ணால பாத்தயா? பாத்துட்டு ஏன்டா கூவலை? என்ன? டேய், அது வேற, இது வேறடா. நில்லுடா! டேய்!

போயிட்டான். பாத்தீங்களா, நிக்காமப் போறான், நின்னா என்ன? என்ன சொன்னான்னு கேட்டீங்களா? ஒரு கொம்பனும், குட்டியோட ரெண்டு பொட்டையும் மேல ரோட்டுல நின்னுச்சாம். பஸ்ஸை நிறுத்திப் போட்டு டிரைவர் ரொம்ப நேரமா அங்கயே நிக்கறானாம். யானைக அப்புறம் ரோட்டை விட்டு இறங்கி, அந்த மூடுன அகழி வழியா, இக்கட்ட... இந்தப் பக்கமா இறங்குச்சாம். ஏன் கூவலைன்னா, "நீதானே அபராதம்னே"ங்கறான். சொல்லிட்டுச் சிரிக்கறான் பாருங்க. சிரிப்பா அது?

சரி. சரி, பதற வேண்டாம். நாம ரோட்டோரம் இருக்கறோம். உள்ள ஆளு இல்லைங்கறதுதான் இப்ப நிம்மதி. நெனச்சுப் பாருங்க, முன்ன மாதிரி பொம்பளைங்க கூட்டம் உள்ள இருந்திருந்தா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்? இப்பப் புரியுதுங்களா நான் எதுக்குத் தடை போட்டேன்னு? உங்கூர்ல போயிச் சொல்லுங்க இதை.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? எதைக் காட்டறீங்க? கல்லுக்குப் பின்னாலயா? அந்த உண்ணிச் செடிக்குள்ளயா? 

அடி சக்கை! செருப்பு! பாத்தீங்களா, பாத்தீங்களா! எங்க கொண்டாந்து சொருகி வச்சிருக்காளுக பாருங்க! தம்பி, உங்களுக்கு நல்ல நேரமுங்க, நேர்லயே பாக்கறீங்க. விலகுங்க, நான் எடுக்கறேன். கை விட்டா எட்டும். இந்தா, இது ரங்காத்தாளுது. கை கூடலை, அதுக்குள்ள வந்துட்டா பாருங்க, எத்தனை நெஞ்சழுத்தம். இது டெய்லர் பொண்டாட்டியுது, குதி ஒசந்த செருப்புப் போட்டுட்டு விறகுக்கு வரா மகராசி. இது யாருதோ. இன்னொண்ணு உள்ள கெடக்குது, இருங்க. மாட்டிக்கிச்சு. இந்தா வந்து...

இல்லீங்க. ஒண்ணுமில்ல.

இல்லீங்க தம்பி, நாத்து மூட்டை எல்லா வீட்டுக்கும் குடுத்தது. செவப்புக் கயிறு யாரு வீட்டுலதான் இல்ல? யாரு வேணும்னாலும் கட்டியிருக்கலாம். அவ தங்கச்சி தோட்டத்துல இருக்கறா. தக்காளி பொறுக்கறா. தினமும் போறா.

என்ற முடிச்சுங்க இது. மாட்டுக்குப் போடற முடிச்சு. ஊருக்குள்ள இப்ப யாரும் இப்படிப் போடறதில்ல. காலைல நான் போட்டது.

அட கெரகமே. சுடுதண்ணிக்குங்க. என்ற முட்டிக்குச் சுடுதண்ணி வைக்க... அட மயிலா! ஏன்டி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா! 

கேக்குதா தம்பி? மூங்கில் ஒடியற சத்தம். உங்களுக்கும் கேக்குதல்ல? கொரங்குச் சத்தம் நின்னு போச்சு. எப்ப நின்னுச்சு? 

ஓஓஓஓ! ஓஓஓஓஓ... ஓய்!

ஓஓஓஓ! ஓஓஓஓஓ... ஓய்! மயிலா! வாங்கடி! எல்லாரும் வாங்கடி வெளிய! நெசந்தான்டி! கருப்பராயன் மேல ஆணையா நெசந்தான்டி! ரங்காத்தா!

ஒரு பதிலு வரல பாருங்க. ஒருத்தி கூவல. கூவோணும், கேட்டா திருப்பிக் கூவோணும், அதான் வழக்கம்.

உள்ள இருக்கறாங்க தம்பி. செருப்பு இருக்குது, ஆளு இருக்கறாங்க. என்ற குரலைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறாங்க. கேட்டதும் கட்டை மறைச்சுப் போட்டு, புதருக்குள்ள இன்னும் உள்ள ஒண்டி, வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஒருத்திக்கொருத்தி பேசாதே, பேசாதேன்னு கையைக் காட்டுவா. நான் கத்தக் கத்த உள்ள உள்ள போவாங்க. அது வர பக்கமே போவாங்க. எம் பொண்டாட்டியும் அப்படித்தான் உக்காந்திருப்பா. என்னையக் கண்டு பயந்து உக்காந்திருப்பா.

நான் உள்ள ஓடிரட்டுங்களா? இந்த முட்டியை வச்சுக்கிட்டு எத்தனை தூரம் ஓடுவேன்? என்னையக் கண்டா இன்னும் ஓடுவாங்களே. 

தம்பி. சாமி. நீங்க கூவுங்க.

உங்க குரலு அவியளுக்குத் தெரியாது. என்ற குரலுதான் ஆகாது, உங்க குரலுக்கென்ன? யாரோ அசலூரு ஆளு நெசமாக் கண்டுட்டுக் கத்தறான்னு நெனப்பாங்க. நெனைக்கோணும். எந்திரிச்சு ஓடி வருவாங்க. சொன்னனல்ல, நீட்டி ஒண்ணு, மூச்சு விட்டு, மறுக்கா நீட்டி, கடைசில ஓய்னு ஒடிக்கோணும். நெஞ்சுல இருந்து வரோணும். இப்படி, கையை வாய்கிட்டக் குவிச்சுக்கங்க. மேக்காலப் பாத்து. என்னைய ஏன் பாக்கறீங்க, காட்டைப் பாருங்க!

கூவுங்க சாமி. உங்க கால்ல விழுகறேன், கூவுங்க. நான் பேசாம இருக்கறேன்.